தை பிறந்தால் மூச்சிரைப்பு: கிராம சபை மனுவில் என்ன கேட்பது?

குடமுருட்டிக்கரை கேட்டது:

வணக்கம். வலங்கைமான் பக்கம் ஒரு சின்ன ஊர். எங்கள் மகளிர் குழுவில் நான்தான் கணக்கு எழுதுகிறேன். வருகிற மே 1 கிராம சபையில் குழு சார்பில் ஒரு மனு கொடுக்கிறோம். குடிதண்ணீருக்கும் சாலைக்கும் எப்போதும் கொடுக்கிறோம், இந்த முறை மூச்சிரைப்புக்காகக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள். ஆனால் அதில் என்ன எழுதுவது என்று உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் ஓடவில்லை.

எங்கள் ஊரில் யாரும் ஆஸ்துமா என்று சொல்ல மாட்டார்கள். இளைப்பு என்பார்கள், வீசிங் என்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சளித் தொந்தரவு என்பார்கள்.

என் பையன் ஏழாம் வகுப்பு. நான்கு வயதிலிருந்து இளைப்பு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் ஓதம் ஏறும்போது ஒரு சுற்று வரும். அதைவிட மோசம் தையும் மாசியும். போகிக்குப் பாய், டயர் எல்லாம் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை அடங்குவதற்குள் சம்பா அறுப்பு தொடங்கி ஊர் முழுக்க நெல் சுணை பறக்கிறது. பனி வேறு. இந்தத் தையில் மட்டும் நான்கு இரவு அவனை வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போய்ச் சேரும்வரை அவன் முதுகு ஏறி இறங்குவது என் நெஞ்சில் தெரியும்.

அங்கே மாஸ்க் வைத்து மருந்துப் புகை விடுவார்கள், ஒரு ஊசி போடுவார்கள். கால் மணி நேரத்தில் "பசிக்குதும்மா" என்பான். மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். பத்து நாளில் மறுபடியும் அதே பெஞ்ச். எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் போன தடவை பார்த்த முகங்கள்தான்.

போன வருடம் கும்பகோணத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு பம்ப், அதாவது வாயில் வைத்து மருந்தை இழுக்கிற இன்ஹேலர், எழுதினார். நீலம் மூச்சு முட்டும்போது, பழுப்பு தினமும் காலை மாலை. இரண்டு மாதம் ஒழுங்காகக் கொடுத்தேன், பையனும் நன்றாக இருந்தான். நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு மருந்து, பழகிப் போய்விடும் என்று மாமியார் சொன்னார். பம்ப்பும் தீர்ந்திருந்தது, மாதக் கடைசி. நிறுத்திவிட்டேன். அந்த நான்கு இரவும் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியில் நீலப் பம்ப்பைப் பையன் கையில் வைத்திருக்கக் கூடாது என்று வாங்கி பீரோவில் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் விளையாட்டு நேரத்தில் அவனுக்கு முட்டியது. பீரோ சாவி வைத்திருந்தவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவனோடு படிக்கிற ஒரு பிள்ளை சைக்கிளில் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டது.

என் வீட்டுக்காரர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். சீசனில் நாள் முழுக்கத் தூற்றுகிற மெஷின் பக்கத்தில்தான் நிற்கிறார். ராத்திரி அவர் மூச்சிலும் விசில் சத்தம் கேட்கிறது. கேட்டால் தூசிதான், குளித்தால் போய்விடும் என்கிறார்.

என் பையனுக்கு என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. எங்கள் தெரு மாதிரி எத்தனை தெரு இருக்கும்? மாநிலம் முழுக்க இதைக் குறைக்க வேண்டும் என்றால் அரசாங்கத்திடம் எதைக் கேட்பது? குழுவில் ஒருவர் புகைக்குத் தடை கேட்போம் என்கிறார். இன்னொருவர் மாஸ்க் வழியாக மருந்துப் புகை விடுகிற நெபுலைசர் மெஷினை ஊருக்கு ஒன்று கேட்போம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெண்ணாறு பதில்:

தங்கச்சி, நான் மன்னார்குடி பக்கம். சொந்தமாக ஒரு அறுவடை மெஷின் ஓட்டுகிறேன். மருந்து பற்றி எனக்குத் தெரியாது, தூசி பற்றித் தெரியும்.

கையால் அறுத்த காலத்தில் களத்தில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நின்றுதான் தூற்றுவார்கள். பதர் ஒரு பக்கம் போகும், ஆள் மறுபக்கம் நிற்பார்கள். இப்போது மெஷின் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை அறுத்துத் தள்ளிவிடுகிறது. பின்னால் போகும் தூசி வீடுகள் மேல் போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் யோசிக்கிறேன்.

கொள்முதல் நிலையத்தில் தூற்றுகிற மெஷினின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் சுமை தூக்குபவர்கள் நிற்கிற பக்கம்தான் இருக்கும், இடம் அப்படி. அதைத் திருப்பி வைப்பதற்கும், நடுவில் ஒரு தார்ப்பாய் கட்டுவதற்கும் செலவே கிடையாது. துண்டைச் சுற்றிக்கொண்டால் பெரிய தூசி நிற்கும், பொடி உள்ளே போய்விடும். நல்ல மாஸ்க் சீசனுக்குக் கொடுக்கச் சொல்லி மனுவில் எழுதுங்கள். குறுவை அறுத்த தாளை வயலிலேயே கொளுத்திவிட்டு அடுத்த நெல் பயிரான தாளடிக்கு அவசரமாக இறங்குவதையும் எழுதலாம். வைக்கோலைச் சுருட்டிக் கட்டுகிற மெஷின் இப்போது ஊர் ஊராக வருகிறது, விற்றால் காசு.


அரசலாறு பதில்:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் போன தடவை பார்த்த முகங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மாநிலத்துக்கே என்ன கேட்பது என்பதற்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் 31 வருடம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன். ஒரு தை மாதம் இரவுப் பணி செவிலியரிடம் நெபுலைசர் வைத்தவர்களின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப அதே பெயர்கள். ஆனால் ஒவ்வொரு வருகையும் தனித்தனி வரியாக இருந்ததால், ஒரே ஆள் ஆறு முறை வந்திருக்கிறார் என்பதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. அதே கட்டடத்தில் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளுக்கு அட்டை இருந்தது. மாதா மாதம் தேதி இருந்தது. வராவிட்டால் தேடிப் போக ஆள் இருந்தது. இளைப்புக்காரருக்கு இது எதுவும் இல்லை. முட்டும்போது வருவார், சரியானதும் போய்விடுவார்.

இதனால் மருந்துக்கு என்ன ஆகிறது என்று சொல்கிறேன், இது வெளியில் பலருக்குத் தெரியாது. 1994-ல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கியது. நான் அதற்கு முன்பும் வேலை பார்த்திருக்கிறேன், பின்பும் பார்த்திருக்கிறேன். அது மிகப் பெரிய மாற்றம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக், மாவட்டக் கிடங்கில் அதைக் காட்டி மருந்து எடுத்து வருவோம். எந்த மருந்து எவ்வளவு கேட்பது? போன வருடம் எவ்வளவு செலவானது என்று பார்த்துத்தான் கேட்போம். தினமும் இழுக்கிற பம்ப்பை யாருக்கும் கொடுக்கவில்லை என்றால் அது செலவாகாது. செலவாகாத மருந்தை அடுத்த வருடம் கேட்க மாட்டோம். கையிருப்பில் இல்லாததால் டாக்டர் மாத்திரை எழுதுவார். இந்தச் சுற்றை உடைக்க வேண்டும் என்றால் முதலில் ஊரில் எத்தனை பேருக்கு இளைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பெயர் எழுத வேண்டும்.

மாத்திரை ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. முட்டும்போது கொடுக்கிற சல்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். அதே மருந்து பம்ப்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் 40 அழுத்துக்கான மருந்து இருக்கிறது. அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் நுரையீரலுக்கு வருகிறது. பிள்ளைகளுக்குக் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். பம்ப் மருந்து நேராகப் போகவேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது.

அப்புறம் அந்த நீலம், பழுப்பு விஷயம். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மருந்தின் பெயரைப் பாருங்கள். இளைப்பில் இரண்டு காரியம் நடக்கிறது. மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிச் சிவந்து கிடக்கிறது. அந்த நிலையில் சுணையோ புகையோ பட்டால் சட்டென்று இறுகுகிறது. நீலத்தில் இருக்கும் சல்பியூட்டமால் இறுக்கத்தை அவிழ்க்கும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தை ஆற்றுவது தினமும் இழுக்கிற புடசொனைடு போன்ற மருந்து. உங்கள் பையன் இரண்டு மாதம் நன்றாக இருந்தான் என்றால் அந்த மருந்து வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். நிறுத்தியதற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள், இதை உட்கார்ந்து சொல்லித்தர அன்றைக்கு ஆள் இல்லை. உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பே 2019-லிருந்து பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள யாருக்கும் சல்பியூட்டமாலை மட்டும் வைத்து சிகிச்சை நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது.

உலகத்தில் ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் இந்தியர்கள். நம் ஊர்த் தூசி மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. தினசரி மருந்து வீடு வரை வராததுதான் பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

ஒரு நாட்டையே எடுத்துச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். பின்லாந்தில் 1994 முதல் 2004 வரை பத்து வருடத் திட்டம் போட்டார்கள். சீக்கிரம் கண்டுபிடிப்பது, வீக்கத்துக்கான மருந்தை முதலிலேயே தொடங்குவது, நோயாளிக்கே சொல்லித்தருவது, அவ்வளவுதான். ஊர் டாக்டர், செவிலியர் தவிர ஏறக்குறைய 700 மருந்துக் கடைகளில் ஆஸ்துமாவுக்கென்று பொறுப்பாக ஒருவரைப் பழக்கினார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போன காலத்திலும், ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் படுத்த நாட்கள் பாதிக்கும் கீழே வந்தன. அது பணக்கார நாடு என்று யாராவது சொன்னால் பிரேசிலைச் சொல்லுங்கள். அங்கே சால்வடார் நகரத்தில் 2003-ல் கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களைப் பெயர் பதிந்து, மருந்தை இலவசமாகக் கொடுத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். சில வருடங்களில் ஆஸ்துமாவுக்கான மருத்துவமனை அனுமதி 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

நமக்கு இதற்கான ஏற்பாடு கையில் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் தெருத் தெருவாக வருகிறார். நம் மாநிலத்தால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் பையில் தினசரி பம்ப்பும் வர வேண்டும், அந்தப் பதிவேட்டில் இளைப்புக்காரர் பெயரும் ஏற வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சர்க்கரை, பிரஷர் போன்ற தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் 2023 வழிகாட்டுதலிலேயே ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் சேர்க்கப்பட்டுவிட்டன. மனுவில் இந்த வரியைக் கட்டாயம் எழுதுங்கள்.

பம்ப் கொடுத்தால் மட்டும் போதாது, இழுக்கச் சொல்லித்தர வேண்டும். ஒரு பாட்டி மூன்று மாதமாக அடிக்கிறேன், குறையவே இல்லை என்று வந்தார். என் முன்னால் அடித்துக் காட்டுங்கள் என்றேன். நாக்கில் ஒரு அடி அடித்துவிட்டு மூக்கால் மூச்சை இழுத்தார்! மூன்று மாத மருந்தும் நாக்கோடு போயிருக்கிறது. எனக்கு அன்று தூக்கமே வரவில்லை, ஏனென்றால் அந்தப் பம்ப்பை அவருக்கு ஜன்னல் வழியாக நீட்டியவன் நான்தான். அதற்குப் பிறகு ஒருவருக்கும் அப்படி நீட்டவில்லை. குலுக்கு, மூச்சை முழுசாக வெளியே விடு, வாயில் வைத்து உதட்டை மூடு, அழுத்திக்கொண்டே மெதுவாக ஆழமாக இழு, பத்து எண்ணும்வரை அடக்கு, அப்புறம் வாய் கொப்பளி. சொல்லித்தர ஐந்து நிமிடம். அடுத்த மாதம் மறுபடி செய்து காட்டச் சொன்னால் பாதிப் பேர் மறந்திருப்பார்கள், மறுபடி சொல்லித்தர வேண்டும்.

பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் பம்ப்போடு ஸ்பேசர் வேண்டும், அந்த நீளமான பிளாஸ்டிக் குழாய். அது கிடைக்காவிட்டால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்ப்பின் வாய் இறுக்கமாகப் பொருந்துகிற மாதிரி ஓட்டை போட்டு, காற்று கசியாமல் ஒட்டிக்கொண்டால் அதுவே ஸ்பேசர். தென்னாப்பிரிக்காவில் 1999-லேயே சோதித்து, கடை ஸ்பேசருக்கு இது குறையவில்லை என்று காட்டிவிட்டார்கள். உயிருக்கே ஆபத்தான நிலை தவிர மற்ற இளைப்புக்கு நெபுலைசர் செய்கிற வேலையை ஸ்பேசரும் பம்ப்பும் செய்யும். அதனால் ஊருக்கு ஒரு மெஷின் என்ற கோரிக்கையை எடுத்துவிடுங்கள். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும், மருந்து வேண்டும், கழுவ ஆள் வேண்டும். அது வந்துவிட்டால் எல்லோரும் முட்டும்வரை காத்திருப்பார்கள். ஒரு மெஷின் விலையில் எத்தனை பிள்ளைகளுக்கு ஸ்பேசர் வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மருந்துக் கடைக்காரருக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். ஒருவர் வருடத்தில் மூன்று நீலப் பம்ப்புக்கு மேல் வாங்குகிறார் என்றால் அவருக்கு நோய் கட்டுப்படவில்லை, பெரிய அட்டாக் வரக்கூடும். எண்ணுவதற்குக் கடையில் ஒரு நோட்டுப் போதும். அப்படிப்பட்டவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பச் சொல்லி மாநிலம் முழுக்க உத்தரவு போடலாம்.

உங்கள் பையன் பள்ளியில் நடந்ததைப் படித்துப் பதறிப் போனேன். நீலப் பம்ப் பிள்ளையின் பையில்தான் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2014 அக்டோபரிலிருந்து பள்ளிகளே அவசரத்துக்கு ஒரு சல்பியூட்டமால் பம்ப் வாங்கி வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. நம் பள்ளிகளில் முதலுதவிப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு பம்ப், ஒரு ஸ்பேசர், அதைப் பயன்படுத்தத் தெரிந்த இரண்டு ஆசிரியர்கள் என்று கேளுங்கள்.

தூசி பற்றி வெண்ணாறு தம்பி சொன்னதை அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள், நான் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கொசுவர்த்தி மட்டும் சொல்கிறேன். ஒரு சுருளை எரித்தால் வருகிற நுண்துகள், 75 சிகரெட்டுக்குக் குறையாது என்று அளந்திருக்கிறார்கள். ஆற்றங்கரை ஊரில் கொசுவைச் சகித்துக்கொள்ளச் சொல்லவில்லை, வலை கட்டுங்கள்.


முள்ளியாறு பதில்:

திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயி, வயது 68. அரசலாறு ஐயா பொறுமையாக எழுதியிருக்கிறார், மரியாதையோடு ஒரு கேள்வி. எங்கள் அப்பாவுக்கு இளைப்பு இருந்தது. ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை ரசம், திப்பிலி என்றே 80 வயது வரை இருந்தார். இந்தத் தினசரி பம்ப்பில் இருப்பது ஸ்டீராய்டு என்று என் மகன் சொல்கிறான். சின்னப் பிள்ளைக்கு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுக்கச் சொல்வது சரிதானா? ஊர் முழுக்க அதைப் பையில் போட்டுக் கொடுக்கச் சொல்கிறீர்களே என்று மனசு ஒப்பவில்லை.


அரசலாறு பதில்:

ஐயா, இந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஆம், ஸ்டீராய்டுதான். ஒரு இழுப்புக்கு 100 அல்லது 200 மைக்ரோகிராம், அது நுரையீரலிலேயே வேலை செய்கிறது. இப்போது சில கடைகளில் சீட்டு இல்லாமல் இளைப்புக்குப் பிரித்துக் கொடுக்கிற மாத்திரைகளில் பல நேரம் பிரட்னிசலோன் இருக்கும். அதுவும் ஸ்டீராய்டு, ஒரு மாத்திரை 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து, எடையை மட்டும் வைத்துத் தராசில் நிறுத்த முடியாது. ஆனாலும் மாத்திரை உடம்பு முழுக்கப் போகிறது. முகம் ஊதுவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது எல்லாம் அதை நாள்கணக்கில்லாமல் சாப்பிடுவதால் வருவது. தினசரி பம்ப்பை மறுக்கிற வீடுகளில் பிள்ளைகள் வருடத்துக்கு நாலைந்து முறை அந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

பம்ப்பால் ஒன்றுமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். வாய் கொப்பளிக்காவிட்டால் வாயில் வெள்ளை படியும். பிள்ளைகளுக்கு முதல் ஒன்றிரண்டு வருடத்தில் வளர்த்தி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம். கட்டுப்படாத இளைப்பும் வளர்த்தியைக் குறைக்கும், படிப்பையும் குறைக்கும். நோய் கட்டுப்பட்ட பிறகு டாக்டர் அளவைப் படிப்படியாக இறக்குவார்.

உங்கள் அப்பா குடித்த ஆடாதோடை வெறும் நம்பிக்கை இல்லை ஐயா. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து வழி கண்டுதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். நானே 31 வருடம் அதைக் கொடுத்திருக்கிறேன். அது சளியை இளக்கும். இறுகிய குழாயை அவிழ்க்காது. தூதுவளை ரசம் வையுங்கள், பேரப்பிள்ளைக்கும் கொடுங்கள். ஆனால் பிள்ளை ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் திணறினால், விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாரித்தால், கஷாயம் கொதிக்கிற நேரம்கூட அவனுக்குக் கிடையாது. 108-க்குக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை ஸ்பேசர் வழியாக நீலப் பம்ப்பை நான்கு முதல் பத்து அழுத்து கொடுங்கள். ஒவ்வொரு அழுத்துக்கும் நிதானமாக மூச்சு இழுக்க விடுங்கள். இருபது நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி கொடுங்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள்.


முள்ளியாறு பதில்:

மாத்திரை விவரம் எனக்குப் புதிது ஐயா. என் மருமகள் ஒரு சீட்டில்லாத மாத்திரை வைத்திருக்கிறாள், நாளை எடுத்துப் பார்க்கிறேன்.


குடமுருட்டிக்கரை பதில்:

எல்லோருக்கும் நன்றி. பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன், காரணம் இருக்கிறது. அரசலாறு ஐயா எண்ணச் சொன்னார், எண்ணினேன். குழுவில் நாங்கள் நாலு பேர் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் வீடு வீடாகப் போனோம். 62 வீடு. ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்டால் எல்லா வீட்டிலும் இல்லை என்றார்கள். அப்புறம் கேள்வியை மாற்றினோம். ராத்திரி மூச்சு முட்டி யாராவது எழுந்து உட்காருவீர்களா, இந்தத் தையில் மாஸ்க் வைத்துக்கொள்ளப் போனீர்களா என்று கேட்டோம். ஒன்பது பேர். அதில் நாலு பேர் பள்ளிப் பிள்ளைகள். தினமும் இழுக்கிற பம்ப் வைத்திருப்பவர் ஒரே ஒருவர். அவர் மகன் திருப்பூரிலிருந்து வாங்கி அனுப்புகிறார்.

பத்தாவது பெயராக என் வீட்டுக்காரரை எழுதினேன். அவர் முன்னாலேயே எழுதினேன், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவராகவே ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதலில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊதிப் பார்க்கிற பரிசோதனைக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த வாரம் போகிறோம். தூற்றுகிற மெஷினைத் திருப்பி வைத்தாகிவிட்டது. வெண்ணாறு அண்ணன் சொன்னது சரி, யாரும் எதிர்க்கவே இல்லை. இவ்வளவு நாள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பையனுக்குப் பம்ப் மறுபடி தொடங்கிவிட்டேன். பாட்டில் ஸ்பேசரை அவனே செய்தான். சூடான கம்பியால் ஓட்டை போடும்போது நான் பிடித்துக்கொண்டேன். மாமியார் தினமும் காலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வரை எண்ணுகிறார்.

மனு இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். எங்கள் ஊராட்சியில் மூச்சிரைப்பு உள்ளவர்களைக் கணக்கெடுத்து, தொற்றா நோய்ப் பதிவேட்டில் 2023 தேசிய வழிகாட்டுதல்படி சேர்க்க வேண்டும். அவர்களுக்குத் தினசரி இன்ஹேலரும் ஸ்பேசரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதா மாதம் கிடைக்க வேண்டும், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கு வர வேண்டும். இழுக்கிற முறையைச் செய்து காட்டிப் பழக்க வேண்டும். பள்ளியில் ஒரு இன்ஹேலர், ஒரு ஸ்பேசர் வேண்டும், பிள்ளைகள் தங்கள் பம்ப்பைப் பையில் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கு அறுவடைக் காலத்தில் மாஸ்க்கும், வருடம் ஒரு முறை மூச்சுப் பரிசோதனையும் வேண்டும். இதை மாநிலம் முழுவதற்கும் செய்யும்படி அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். இவ்வளவுதான். எண்ணிய பட்டியலைப் பெயர் இல்லாமல், வயதும் எத்தனை முறை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பதும் மட்டும் போட்டுக் கூடவே இணைக்கிறோம். ஒன்பது பேரில் இருவர் கல்யாணம் ஆகாத பெண்கள், அவர்கள் வீட்டில் பெயர் வெளியே போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள்.


அரசலாறு பதில்:

அம்மா, இதில் நான் திருத்த வேண்டியது ஒரே ஒரு இடம். தினசரி இன்ஹேலர் என்று மட்டும் எழுதாதீர்கள். மருந்தின் பெயர் இல்லாமல் இன்ஹேலர் என்று இருந்தால் கிடங்கிலிருந்து சல்பியூட்டமால் வரும், மனு முடிக்கப்பட்டது என்று பதிலும் வந்துவிடும். புடசொனைடு இன்ஹேலர், அல்லது அதற்கு இணையான, இழுக்கிற ஸ்டீராய்டு என்று மருந்தின் பெயரைப் போட்டு, பத்துப் பேருக்கு ஒரு வருடத்துக்கு எத்தனை வேண்டும் என்ற எண்ணையும் எழுதுங்கள். ஒரு பம்ப்பில் 200 அழுத்து இருக்கும். டாக்டர் சொன்ன அளவு காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்றால் 50 நாளைக்கு வரும். ஒருவருக்கு வருடத்துக்கு எட்டு, பத்துப் பேருக்கு 80. ஊதிப் பார்க்கிற பரிசோதனை முடிந்ததும் உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.